ரேட் ஏறியதால் போனார்களா, மார்ச் வந்ததால் போனார்களா?

கேள்வி: திருவண்ணாமலையில் அப்பா கட்டிய லாட்ஜை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். 24 ஏசி டபுள் ரூம். மூன்றாவது மாடியில் 4 நான்-ஏசி. லிஃப்ட் கிடையாது. ஏசி ரூமுக்கு இரண்டு வருடமாக 1,800 ரூபாய் வாங்கினோம், ஜிஎஸ்டி தனி. இந்த 2026 பிப்ரவரி முடிந்ததும் 2,200 ஆக்கினேன். திங்கள் முதல் வியாழன் வரை பார்த்தால் பிப்ரவரியில் தினமும் சராசரியாக 14 ஏசி ரூம் போனது, மார்ச்சில் 11 தான். ஒரு ரூம் போனால் சலவை, தண்ணீர், கரண்ட், சோப்பு எல்லாம் சேர்த்து 350 ரூபாய் செலவு. ஆன்லைனில் வந்தால் 20 சதவீதம் கமிஷன். மச்சான் பழைய ரேட்டுக்கே போகச் சொல்கிறார். 1,500க்கு இறக்கினால் தினமும் ஃபுல் ஆகும் என்கிறார் அப்பா. பௌர்ணமிக்கு நாங்கள் வாங்குவது 4,000. பதினைந்து நாள் முன்பே ஃபுல். பக்கத்தில் 6,000 வாங்குகிறார்கள். சாமி கும்பிட வருகிறவர்களிடம் அப்படி வாங்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? போன வருடத்துப் பதிவேட்டுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

பதிவேட்டை இணைத்ததற்கு முதலில் நன்றி. ‘கூட்டம் குறைந்துவிட்டது சார்’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு மருந்து கேட்பவர்கள்தான் அதிகம். உங்கள் கேள்விக்கான பாதி பதில் நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. அதற்கு முன், வீட்டில் நடக்கும் சண்டை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம்.

பிப்ரவரியில் 14 அறை, 1,800 வீதம் 25,200 ரூபாய். மார்ச்சில் 11 அறை, 2,200 வீதம் 24,200. கல்லாவில் ஆயிரம் ரூபாய் குறைகிறது, மச்சான் பார்த்தது இதைத்தான். ஆனால் போகாத மூன்று அறைக்கு சலவையும் இல்லை, கரண்டும் இல்லை. செலவைக் கழித்துவிட்டு ஒரு அறைக்குக் கையில் நிற்பது முன்பு 1,450, இப்போது 1,850. பதினான்கு 1,450 என்றால் 20,300. பதினொன்று 1,850 என்றால் 20,350. ஐம்பது ரூபாய் கூடுதலாகத்தான் வருகிறது! அதோடு ரூம் பையனுக்கு மூன்று அறை வேலை மிச்சம். ஆக, மச்சானும் அப்பாவும் நினைக்கிற அளவுக்கு மார்ச் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சரி, இந்தக் கணக்கு ‘விலை ஏறினால் எத்தனை பேர் விலகுவார்கள்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறதா? அதைத்தான் பிளஸ் டூ பொருளியலில் தேவை நெகிழ்ச்சி என்று படித்திருப்பீர்கள். இங்கிலாந்துப் பொருளியலாளர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் 1890இல் எழுதி நிலைநிறுத்திய அளவுகோல். விலை நூற்றுக்கு இத்தனை மாறினால் தேவை நூற்றுக்கு எத்தனை மாறுகிறது, அவ்வளவுதான். பதில் 1க்கு மேல் போனால் விலையேற்றம் கல்லாவைக் குறைக்கும்; 1க்குக் கீழே நின்றால் கல்லா ஏறும். உங்கள் எண்ணைப் போட்டால் விலை 22 சதவீதம் ஏறியது, அறை 21 சதவீதம் இறங்கியது, விகிதம் 0.96. ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் கல்லாவில் ஆயிரம் குறைந்ததே, எப்படி? மாற்றம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது பழைய எண்ணை அடியாக வைத்து சதவீதம் போட்டால் கணக்கு ஏமாற்றும். இரண்டு விலைக்கும் நடுவான 2,000, இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவான 12.5, இவற்றை அடியாக வையுங்கள். விலை 20 சதவீதம் ஏறியது, அறை 24 சதவீதம் இறங்கியது, விகிதம் 1.2. இப்போது கல்லா சொல்வதும் கணக்கு சொல்வதும் ஒத்துப்போகும்.

ஆனால் இந்த 1.2ஐ நான் நம்பவில்லை. ஏனென்றால் விலை மாறிய அதே நாளில் மாதமும் மாறியிருக்கிறது.

பிப்ரவரி திருவண்ணாமலைக்கு நல்ல மாதம். வெயில் ஏறவில்லை. டிசம்பரில் வந்து ரமணாசிரமம் பக்கம் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் இன்னும் ஊரில் இருப்பார்கள். மார்ச் வந்தால் அவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பரீட்சை எழுதும் வீட்டில் யாரும் கிரிவலத்துக்கு கார் எடுப்பதில்லை. நீங்கள் 1,800இலேயே இருந்திருந்தாலும் மார்ச்சில் 14 அறை போயிருக்குமா?

உங்கள் போன வருடத் தாள் சொல்கிறது: போயிருக்காது. 2025இல் ரேட் மாறவே இல்லை. ஆனாலும் பிப்ரவரியில் 13.5 ஆக இருந்த சராசரி மார்ச்சில் 11.5க்கு இறங்கியிருக்கிறது. அதே அளவு சரிவு இந்த வருடமும் வந்திருக்கும் என்று வைத்தால், 14 என்பது தானாகவே 12 ஆகியிருக்கும். விலையேற்றத்தின் தலையில் விழவேண்டிய பழி ஒரே ஒரு அறை. நெகிழ்ச்சி 0.4க்குப் பக்கம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. போன வருடத் தாளில் பிப்ரவரி 26, புதன்கிழமை, 24 அறையும் ஃபுல் என்று இருக்கிறது. அது மகா சிவராத்திரி. இந்த வருடம் சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வார நாள் கணக்குக்குள் வரவே இல்லை. லிங்கோத்பவர் கதை நடந்த ஊரில் சிவராத்திரியைச் சாதாரண புதன்கிழமையாக எண்ணக்கூடாது. அதையும் 12ஆம் தேதி பௌர்ணமியையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் 14 நாட்களுக்குக் கணக்குப் போட்டேன் (பௌர்ணமியை நீங்களே நீக்கிவிட்டீர்கள், நல்லது). போன பிப்ரவரி சராசரி 13.5 அல்ல, 12.75. அப்படியானால் இந்த மார்ச்சுக்கு எதிர்பார்த்திருக்க வேண்டியது 12.6 அறை. வந்தது 11. விலையால் போனது ஒன்றரை அறைக்குச் சற்று மேல். நெகிழ்ச்சி 0.7க்குப் பக்கம்.

ஆக, 1.2 என்று தொடங்கிய எண் 0.4 ஆகி, பிறகு 0.7 ஆகியிருக்கிறது. இதில் எது சரி என்று அடித்துச் சொல்ல ஒரு மாதத் தாள் போதாது. பதினாறு பதினேழு நாட்களின் சராசரியில் ஒரு வேன் கூட்டம் வந்ததும் வராததுமே அரை அறையைப் புரட்டிவிடும். அதனால் நெகிழ்ச்சி எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டு வேறொரு எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்: எத்தனை அறை வரை இழந்தால் எனக்கு நஷ்டமில்லை? 12.6 அறையை 1,450ஆல் பெருக்கி 1,850ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10. மார்ச் வார நாட்களில் 10 அறை போனாலே 2,200 ரேட் பழைய ரேட்டுக்குச் சமம். உங்களுக்கு 11 போகிறது. மச்சானிடம் இதைச் சொல்லலாம். மே மாதத்தில் ஏசி ராத்திரி முழுக்க ஓடும், 350 என்பது 450கூட ஆகும்; அப்போது கணக்கை மறுபடி போட வேண்டும், அது வேறு.

அப்பாவின் 1,500. மரியாதையோடுதான் சொல்கிறேன், இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1,500இல் செலவு போக நிற்பது 1,150. இன்று 11 அறையில் வரும் 20,350ஐ எடுக்கவே 18 அறை போக வேண்டும். இப்போதுள்ள 11 பேரும் நேரில் வருபவர்கள், கூடுதலாக வருபவர்கள் ஆன்லைனில் வருபவர்கள் என்று வைத்துக்கொண்டால் அந்தப் புதிய அறைகளில் கமிஷன் 300 போய் 850தான் நிற்கும். அப்போது 20 அறை தேவை. மார்ச் செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலையில் கூடுதலாக ஒன்பது குடும்பம் எங்கிருந்து வரும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராக இருந்தேன். ஜூலை மாதம், மழை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதி ரேட் என்று போர்டு வைக்கச் சொன்னதே நான்தான். முதல் வாரம் நாலு அறை கூடியது. முதலாளி தோளில் தட்டினார். இரண்டாவது வாரம் எதிர் ஓட்டலும் பாதி ரேட் போர்டு வைத்தது. மூன்றாவது வாரம் அந்தத் தெருவில் போர்டு வைக்காதவர்கள் யாரும் இல்லை. நாலு அறையும் வந்த வழியே போனது, ரேட் மட்டும் பாதியிலேயே நின்றது. செப்டம்பரில் பழைய ரேட்டைக் கேட்டபோது, ‘ஜூலையில் இவ்வளவுதானே வாங்கினீர்கள்’ என்று பழைய பில்லைக் காட்டியவர்களும் உண்டு. சேலத்திலிருந்து மழைக்குள் மலையேறி வர வேண்டும் என்று ஒருவரைக்கூட எங்கள் போர்டு நினைக்க வைக்கவில்லை. ஏற்கனவே மலைக்கு வந்துவிட்டவர்களை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குத் திருப்பியது, அவ்வளவுதான்.

யோசித்தால் காரணம் எளிது. பெங்களூரிலிருந்து காரில் வரும் ஒரு குடும்பத்துக்கு அறை வாடகை பயணச் செலவில் ஒரு பகுதிதான். டீசல் இருக்கிறது, டோல் இருக்கிறது, நாலு பேர் சாப்பாடு, ஒரு நாள் லீவு. அறையில் 300 குறைந்ததற்காக யாரும் பயணத்தையே முடிவு செய்வதில்லை. பயணத்தை முடிவு செய்வது லீவும் திதியும் பிள்ளைகளின் பரீட்சையும். ஊருக்கு வருவது முடிவான பிறகு எந்த லாட்ஜ் என்ற இடத்தில்தான் அந்த 300 வேலை செய்கிறது. அதனால்தான் ஒரு லாட்ஜின் நெகிழ்ச்சி அதிகமாகவும் ஊரின் நெகிழ்ச்சி குறைவாகவும் இருக்கும். ஒருவர் மட்டும் இறக்கினால் கூட்டம் அவர் பக்கம் சாயும். எல்லோரும் இறக்கினால் எல்லோருக்கும் நஷ்டம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஓட்டல் பள்ளியைச் சேர்ந்த கேத்தி என்ஸும் லிண்டா கனினாவும் மற்றவர்களும் ஆயிரக்கணக்கான ஓட்டல்களின் கணக்கை வைத்து இதைப் பார்த்தார்கள். போட்டியாளர்களைவிடக் குறைவாக விலை வைத்த ஓட்டல்களில் அறைகள் கூடுதலாக நிரம்பின, ஆனால் மொத்த அறைகளுக்குச் சராசரியாக வந்த வருமானம் குறைந்தது. கூடுதலாக விலை வைத்தவற்றில் அறைகள் கொஞ்சம் காலியாக இருந்தும் வருமானம் கூடியது. இதைப் படித்துவிட்டு விலையை ஏற்றினாலே காசு கொட்டும் என்று கிளம்பிவிடாதீர்கள். நல்ல படுக்கையும் நல்ல சேவையும் உள்ள ஓட்டல்தான் கூடுதல் விலை வைக்கவும் முடியும். எது காரணம் எது விளைவு என்பது அந்தக் கணக்கிலும் கொஞ்சம் கலந்துதான் கிடக்கிறது.

இப்போது உங்கள் 11 அறையில் யார் தங்குகிறார்கள் என்பதற்கு வருவோம். ‘என் லாட்ஜுக்கு நெகிழ்ச்சி எவ்வளவு’ என்று ஒரே எண்ணைக் கேட்கிறீர்கள். அப்படி ஒரு எண் கிடையாது. சாயங்காலம் ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, மனைவியையும் பையையும் உங்கள் வாசலில் நிறுத்திவிட்டு நாலு லாட்ஜில் ரேட் கேட்டு வரும் ஆள் இருக்கிறாரே, அவருக்கு 200 ரூபாயே பெரிய வித்தியாசம். ‘ரூமைப் பார்த்துட்டு வர்றோம்’ என்று போனவர் திரும்பி வந்தால் அதிர்ஷ்டம். இரண்டு வாரம் முன்பே போனில் பேசி அட்வான்ஸ் அனுப்பும் சென்னைக் குடும்பம் 2,200ஐக் கேட்டு முகம் சுளிக்கும், ஆனால் வரும். போன தடவை வெந்நீர் வந்தது, கார் நிறுத்த இடம் இருந்தது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஆபீஸ் வேலையாக வரும் மெடிக்கல் ரெப்புக்கும் ஆடிட்டருக்கும் கம்பெனி ஒரு வரம்பு வைத்திருக்கும். வரம்புக்குள் இருந்தால் ரேட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு ரூபாய் தாண்டினாலும் வர மாட்டார். அவரிடம் நெகிழ்ச்சி என்று கேட்டால் பூஜ்யம், அல்லது மொத்தமும். உங்கள் ரெப்புகளின் வரம்பு எவ்வளவு என்று எழுதவில்லையே, கேட்டுப் பார்த்தீர்களா? 2,000 என்றால் உங்கள் ஒன்றரை அறை அங்கேதான் போயிருக்கும்.

ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வேனில் வரும் கூட்டம் தனி. அங்கே லாட்ஜைத் தேர்ந்தெடுப்பது பல நேரம் டிரைவர். அவருக்குப் படுக்க ஒரு இடம், வேன் கழுவத் தண்ணீர், காலையில் ஒரு டீ. அறைக்கு நூறு ரூபாய் குறைப்பதைவிட மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலும் ஃபேனும் போட்டால் அதிக வேன் வரும். பொருளியல் புத்தகத்தில் இது இருக்காது.

பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு விடியற்காலை பஸ் ஏறுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் உண்மையான போட்டி பக்கத்து லாட்ஜ் மட்டும் இல்லை, ‘ரூமே வேண்டாம்’ என்ற முடிவும்தான். 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை - வேலூர் ரயில் திருவண்ணாமலை வரை வருகிறது. சாயங்காலம் ஏறினால் நள்ளிரவில் இங்கே; விடிவதற்குள் திரும்பும் வண்டி. சென்னையிலிருந்து தனியாக வருகிறவருக்கு உங்கள் 2,200க்கு மாற்றாக இப்போது ஒரு ரயில் சீட்டு இருக்கிறது. மாற்று எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நெகிழ்ச்சி. நாலு பேர் குடும்பத்துக்குக் கைக்குழந்தையோடு அந்த ரயில் மாற்றே ஆகாது. தனி ஆளைத் துரத்தி விலையைக் குறைக்காதீர்கள், அவர் வந்தாலும் நாலு மணி நேரம்தான் தங்குவார்.

ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் விருந்தினர் பார்ப்பது கடைசியாக வரும் மொத்தத்தை. 2025 செப்டம்பர் 21 வரை 7,500 ரூபாய்க்குள் உள்ள அறைக்கு 12 சதவீதம். அதன் பிறகு 5 சதவீதம். போன வருடம் மார்ச்சில் வந்தவர் 1,800க்கு வரியோடு 2,016 கொடுத்தார். இந்த மார்ச்சில் 2,200க்கு 2,310 கொடுத்தார். வருடத்துக்கு ஒரு தடவை வருபவருக்கு நீங்கள் ஏற்றியது 22 சதவீதமாகத் தெரியாது, 15க்கும் குறைவாகத்தான் தெரியும். 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை (லாட்ஜுக்குப் பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியை) திரும்ப எடுக்க முடியாது என்பதால் உங்கள் செலவு கொஞ்சம் ஏறியிருக்கும். விலையேற்றத்துக்கு ஒருவகை நியாயமும் அதில் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு ரேட் வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை: 7,500 வைத்தால் விருந்தினர் கொடுப்பது 7,875. நூறு ரூபாய் ஆசைப்பட்டு 7,600 வைத்தால் வரி 18 சதவீதமாகி 8,968. உங்களுக்கு நூறு, அவருக்கு ஆயிரத்து 93.

2,200இலேயே இருக்கலாமா என்றால், இன்னும் ஒரு சோதனை பாக்கி. ஆன்லைன் தளங்களில் தேடுபவர்கள் ‘2,000 வரை’ என்று வடிகட்டிவிட்டுத்தான் பட்டியலைப் பார்க்கிறார்கள். 1,990க்கும் 2,200க்கும் நடுவே இருக்கும் 210 ரூபாயைவிட அந்தக் கோடு பெரியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் நீங்கள் விலை கூடியவர் ஆவதில்லை, காணாமல் போகிறீர்கள். 1,990இல் ஒரு அறைக்கு நிற்பது 1,640. இன்றைய 20,350க்குச் சமமாக அங்கே 12.4 அறை போக வேண்டும். போகுமா? மாதத்துக்கு மாதம் மாற்றிப் பார்க்காதீர்கள், மறுபடியும் பரீட்சையும் வெயிலும் உள்ளே புகுந்துவிடும். வாரம் விட்டு வாரம் மாற்றுங்கள். ஒரு வாரம் திங்கள் முதல் வியாழன் வரை 1,990. அடுத்த வாரம் 2,200. பௌர்ணமி வரும் வாரத்தை விட்டுவிடுங்கள். எட்டு வாரம் செய்தால் ஒரு வடிவம் தெரியும். முன்பே புக் செய்தவர்களின் பழைய ரேட்டைத் தொடாதீர்கள், அறை எண்ணிக்கையை அந்த வாரம் புக் ஆனதை வைத்து எழுதுங்கள்.

அதோடு ரிசப்ஷனில் ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டே பத்தி. ரேட் கேட்டுவிட்டுப் போனவர்கள் ஒரு பத்தியில், ரூம் இல்லை என்று நாம் திருப்பி அனுப்பியவர்கள் இன்னொரு பத்தியில். போனில் கேட்டவர்களும் இதில் சேர்த்தி. பதிவேட்டில் வந்தவர்கள்தான் இருப்பார்கள். உங்கள் கேள்விக்கான பதில் வராதவர்களிடம் இருக்கிறது. ரூம் பையன் சலித்துக்கொள்வான், பரவாயில்லை.

இந்த நோட்டு பௌர்ணமிக்குத்தான் ரொம்ப அவசியம். பௌர்ணமியன்று 4,000, அன்றுதான் எல்லா அறையும் ஃபுல். சாதாரண நாளில் 2,200. அன்று பாதி காலி. இந்த இரண்டை மட்டும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டால், ‘விலையை ஏற்றுங்கள், கூட்டம் கூடும்’ என்று பதில் சொல்லும். குடை விற்பனை ஏறினால் மழை வரும் என்பது மாதிரி. நிலா வந்ததால் கூட்டம் வந்தது, கூட்டம் வந்ததால் நீங்கள் விலையை ஏற்றினீர்கள். வேறு வேறு நாட்களின் விலையையும் கூட்டத்தையும் வைத்து யாராவது உங்களுக்கு நெகிழ்ச்சி கணக்கிட்டுக் கொடுத்தால், நிலாவை எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். இன்னொன்று, பதினைந்து நாள் முன்பே ஃபுல் என்றால் உங்களுக்குத் தெரிவது 24 என்ற எண் மட்டும். 4,000க்கு வர 30 பேர் இருந்தார்களா 80 பேர் இருந்தார்களா? நோட்டு இல்லாமல் தெரியாது. 5,000 வைத்து இரண்டு அறை காலியாகப் போனாலும் 96,000 என்பது 1,10,000 ஆகும். அதற்கு மேல் நான் அனுமானிக்க மாட்டேன்.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அதை உதறித் தள்ளச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் கனடாவில் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கடையில் பனி அள்ளும் மண்வெட்டி 15 டாலர். பெரும் பனி பெய்த மறுநாள் கடைக்காரர் அதை 20 ஆக்குகிறார். இது சரியா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், தனக்குச் செலவு ஏறியதால் விலை ஏற்றுகிறவரை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவசரத்தைப் பார்த்து ஏற்றுகிறவர்மீதுதான் கோபம். அந்தக் கோபம் பௌர்ணமியன்று உங்கள் கணக்கில் தெரியாது, அன்று அவர் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார். ஆறு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவர் உங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது தெரியும். ரெவ்யூவில் ஒற்றை ஸ்டார் போட்டால் அதற்கு முன்பே தெரியும்.

என்னுடைய யோசனை இது. வருடத்தின் பௌர்ணமி எல்லாவற்றுக்கும் ரேட்டை இப்போதே முடிவு செய்து ரிசப்ஷனிலும் ஆன்லைனிலும் போட்டுவிடுங்கள். சித்ரா பௌர்ணமிக்கு ஒன்று, சாதாரண பௌர்ணமிக்கு ஒன்று, தீபத்துக்கு ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து நிற்கிறவரிடமும் அதே ரேட். கூட்டத்தைப் பார்த்து அங்கேயே ஏற்றுவது வேண்டாம். சாதாரண பௌர்ணமிக்கு 4,600 அல்லது 4,800 வைத்து, நோட்டின் இரண்டு பத்தியையும் பார்த்து அடுத்த மாதம் நகருங்கள். ஐந்து அறையை மட்டும் ஒரு மாதம் முன்பு வரை பழைய வாடிக்கையாளர்களுக்கு 4,000க்கே ஒதுக்கி வையுங்கள். 6,000 உங்களுக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். பக்கத்து லாட்ஜில் 6,000க்கு எத்தனை அறை உண்மையில் போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போர்டில் இருக்கும் ரேட்டும் பில்லில் எழுதும் ரேட்டும் வேறு என்பது இந்தத் தொழிலில் புதிதா என்ன.

அப்பா சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை விட்டுவிடக்கூடாது. குறைந்த விலைக்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் 24 ஏசி அறையையும் இறக்கித்தான் அவர்களை வரவழைக்க வேண்டும் என்பதில்லை. விமானக் கம்பெனிகள் 1978இல் அமெரிக்காவில் கட்டுப்பாடு நீங்கிய பிறகு கற்றுக்கொண்டு, மாரியட் போன்ற ஓட்டல்கள் 1980களில் எடுத்துக்கொண்ட வித்தை இது: மலிவு விலைக்கு ஒரு வேலி போடு. வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாரானவர் மட்டும் வேலியைத் தாண்டி மலிவு விலைக்கு வரட்டும். உங்கள் மூன்றாவது மாடியே நல்ல வேலி. லிஃப்ட் இல்லை, ஏசி இல்லை. 2,200 கொடுக்கக்கூடிய குடும்பம் அங்கே ஏறாது. இந்த நாலு அறைக்கும் வார நாளில் 1,000, ஒரு வாரம் தங்கினால் 5,500 என்று போட்டுப் பாருங்கள். டிசம்பரில் மாதக்கணக்கில் தங்க வருகிறவர்களுக்கும் அதுவே போதும்; அவர்களுக்கு ஏசியைவிட மொட்டை மாடியிலிருந்து மலை தெரிகிறதா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டுக்காரர் தங்கினால் அரசுக்குக் கொடுக்க வேண்டிய அவருடைய விவரப் படிவத்தை அன்றன்றே ஆன்லைனில் ஏற்றிவிடுங்கள், அதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

எட்டு வாரம் முடிந்ததும் நோட்டின் இரண்டு பத்தியையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ரெப்புகளின் வரம்பு எவ்வளவு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். வரம்பு 2,000 என்றால் 1,990 வாரங்களில் அவர்கள் திரும்பி வந்தார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.